கேரட்டின் சொந்த நிறம் எது? – வாசகர் கேள்வி பதில்

மார்கழி பிறந்தால் டெல்லி சிவப்பு கேரட் வண்டிக்கடைக்கு வந்துவிடும். ஊதா கேரட்டும் இப்போது சூப்பர் மார்க்கெட்டில் கண்ணில் படுகிறது. அதனால் இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேரட்டைப் பற்றித்தான். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

கே: கடையில் கருஊதா நிறத்தில் கேரட் பார்த்தேன். மரபணு மாற்றியதா, சாயம் ஏற்றியதா? கேரட் என்றால் ஆரஞ்சு நிறம்தானே? – வாசகி, திருச்சி

ப: இரண்டும் இல்லை. கேரட்டில் மரபணு மாற்ற ரகம் எதுவும் நம் நாட்டில் விற்பனைக்கு இல்லை. வயதில் பார்த்தால் ஊதாதான் மூத்தது. ஆரஞ்சு பல நூற்றாண்டுகள் பிந்தி வந்தது.

காட்டுக் கேரட் இன்றும் ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் சாலையோரக் களையாக மண்டிக் கிடக்கிறது. அதன் வேர் வெள்ளை, ஒல்லி, நார் நாராக இருக்கும், கசக்கும். சமைக்கிற மாதிரி பருத்த வேர் கொண்ட கேரட்டை மனிதர்கள் உருவாக்கியது இன்றைய ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கம், சுமார் 9, 10-ஆம் நூற்றாண்டுகளில். அப்போது இருந்தவை இரண்டே நிறம்: ஊதா, மஞ்சள். ரஷ்யத் தாவரவியலாளர் நிக்கலாய் வவிலோவ் 1924-இல் ஆப்கானிஸ்தானில் பயணம் செய்து விதை சேகரித்தவர். கேரட்டின் பிறப்பிடம் அந்தப் பகுதிதான் என்று அவர் கணித்ததைப் பிற்கால மரபணு ஆய்வுகளும் பெரும்பாலும் ஒத்துக்கொள்கின்றன.

அங்கிருந்து மேற்கே அரபு நாடுகள் வழியாக ஸ்பெயினுக்குப் போனது. 12-ஆம் நூற்றாண்டில் செவில் நகரத்து இப்னு அல்அவ்வாம் எழுதிய வேளாண் நூலில் இரண்டு வகை வருகிறது: சாறுள்ள, ருசியான ‘சிவப்பு’ ஒன்று; மஞ்சளும் பச்சையும் கலந்த முரட்டு வகை ஒன்று. பழைய நூல்களில் ‘சிவப்பு கேரட்’ என்று வருமிடங்களில் பெரும்பாலும் ஊதாவைத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் இத்தாலி, பிரான்ஸ், நெதர்லாந்து வரை பரவிவிட்டது. கிழக்கே சீனாவுக்கு 13, 14-ஆம் நூற்றாண்டு வாக்கிலும், அங்கிருந்து ஜப்பானுக்கு 17-ஆம் நூற்றாண்டிலும் சேர்ந்தது. ஜப்பானியர் புத்தாண்டுச் சமையலுக்கு வாங்குகிற ‘கின்டோகி’ என்கிற நல்ல சிவப்பு கேரட் இந்தக் கிழக்கு வழியில் வந்ததுதான்.

இந்த வரலாற்றில் ஒரு முரண்டு பிடிக்கிற சாட்சியும் உண்டு. கி.பி. 512 வாக்கில் கான்ஸ்டான்டிநோபிளில் எழுதிய மூலிகைச் சுவடி ஒன்று இப்போது வியன்னாவில் இருக்கிறது. அதில் தடித்த, ஆரஞ்சு நிற வேர் ஒன்று வரைந்திருக்கிறார்கள். பார்த்தால் அசல் கேரட். அப்படியென்றால் ஆரஞ்சு அவ்வளவு பழையதா? படத்தை வைத்து அப்படி வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்குப் பின் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு ஆரஞ்சு கேரட் தொடர்ந்து பயிரானதற்கு எழுத்தில் உறுதியான தடம் இல்லை. ஒற்றைப் படத்தை நம்பி வரிசையை மாற்றுவது நியாயமில்லை என்பதே எங்கள் கட்சி.

கே: டச்சுக்காரர்கள் தங்கள் ராஜாவை கௌரவிக்க ஆரஞ்சு கேரட்டைக் கண்டுபிடித்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? – வாசகர், கோவை

ப: பாதி உண்மை. ஆரஞ்சு கேரட்டை நிலையான ரகமாகத் தேறவைத்தது நெதர்லாந்து விவசாயிகள்தான். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில். அக்காலத்து டச்சு, ஃப்ளெமிஷ் ஓவியர்கள் வரைந்த சந்தைக் காட்சிகளில் காய்கறிக் குவியலுக்கு நடுவே நிறம் மாறிவருவதைப் பார்க்கலாம். ‘ஹோர்ன்’ என்ற பழைய ரகப் பெயரே வடக்கு ஹாலந்தில் உள்ள ஹோர்ன் ஊரின் பெயர்தான். இன்று உலகமெங்கும் விளைகிற ஆரஞ்சு கேரட்டுகளில் பெரும்பாலானவற்றின் பூர்வீகம் அந்த டச்சு ரகங்களில் போய் முடிகிறது.

ராஜா கதைதான் ஒட்டவைத்தது. 1568-இல் ஸ்பெயினுக்கு எதிராகக் கிளர்ச்சியை நடத்திய வில்லியம், ராஜா அல்ல, இளவரசர். அவருக்கு ‘ஆரஞ்சு’ப் பட்டம் வந்தது தெற்கு பிரான்சில் உள்ள ஆரஞ்சு என்ற ஊரின் சமஸ்தானத்தை 1544-இல் வாரிசாகப் பெற்றதால். அவருக்காகக் கேரட்டின் நிறத்தை மாற்றினோம் என்று சொல்லும் அக்கால ஆவணம் ஒன்றுகூட இல்லை. நிறம் முதலில் தற்செயலாக மஞ்சள் கேரட் பாத்திகளில் தோன்றியிருக்கும். இனிப்பும் மென்மையும் பிடித்துப்போய் அந்தச் செடிகளையே விதைக்கு விட்டிருப்பார்கள். அரச குடும்பத்தோடு நிறத்தைச் சேர்த்துப் பேசுவது பிறகு ஒட்டிக்கொண்டது.

ஊதா ஏன் பின்தங்கியது என்பதற்கு அடுப்பங்கரையிலேயே பதில் இருக்கிறது. ஊதா நிறம் தண்ணீரில் கரையும். சூப்பு, பாத்திரம், கை எல்லாம் அழுக்கு ஊதாவாகும். மஞ்சளும் ஆரஞ்சும் அப்படிச் செய்யாது.

கே: நிறம் மாறினால் உள்ளே இருக்கும் சத்தும் மாறுமா? – வாசகி, ஈரோடு

ப: மாறும். நிறம் என்பதே உள்ளிருக்கும் பொருள்தான்.

ஆரஞ்சுக்குக் காரணம் பீட்டா கரோட்டினும் ஆல்ஃபா கரோட்டினும். ஜெர்மன் வேதியியலாளர் வாக்கன்ரோடர் 1831-இல் கேரட்டிலிருந்து பிரித்தெடுத்ததால்தான் அதற்குக் கரோட்டின் என்ற பெயரே வந்தது. உடல் இவற்றை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. 100 கிராம் பச்சை ஆரஞ்சு கேரட்டில் சுமார் 8 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் உண்டு. 12 பங்கு கரோட்டினுக்கு 1 பங்கு வைட்டமின் ஏ என்ற கணக்கில் போட்டாலும், ஒரு பெரியவரின் அன்றாடத் தேவையில் பெரும்பகுதி இதிலேயே அடங்கிவிடும்.

மஞ்சள் கேரட்டில் லூட்டீன். டெல்லி சிவப்பில் லைகோபீன், அதாவது தக்காளிக்குச் சிவப்புத் தருகிற அதே பொருள்; கூடவே கரோட்டினும் உண்டு. ஊதா, கருப்பு வகைகளில் ஆந்தோசயனின். நாவல்பழத்திலும் கத்தரித் தோலிலும் இருக்கும் வகையறா. வெள்ளை கேரட்டில் நிறமி கிட்டத்தட்ட இல்லை, கரோட்டினும் இல்லை.

இதில் ஊதா தனிப் பாதை. மற்ற நிறங்கள் எல்லாம் ஒரே குடும்பத்து நிறமிகள். ஊதா அவற்றின் மேல் ஏறி உட்காரும் இன்னொரு பூச்சு. ஊதா கேரட்டைக் குறுக்கே வெட்டினால் நடுவில் ஆரஞ்சோ மஞ்சளோ தெரிவது அதனால்தான். கருப்பு கேரட்டில் மட்டும் நடு வரைக்கும் ஊதா இறங்கியிருக்கும்.

ஆரஞ்சு எப்படி வந்தது என்பதையும் மரபணு அளவில் பார்த்திருக்கிறார்கள். 600-க்கும் மேற்பட்ட கேரட் வகைகளை அமெரிக்க ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று மரபணு இடங்களில் வழக்கமான வேலை நின்றுபோனால்தான் வேரில் கரோட்டின் குவிந்து நல்ல ஆரஞ்சு கிடைக்கிறது. ஏதோ ஒன்று புதிதாகச் சேர்ந்து நிறம் வரவில்லை. தடுத்துக்கொண்டிருந்தவை விலகியதால் வந்தது.

சமைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கரோட்டினும் லைகோபீனும் எண்ணெயில் கரைபவை. கேரட்டை வெறுமனே கடித்துத் தின்பதைவிட, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் தாளித்து வதக்கினால் உடல் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். நம் பொரியல் முறை இதற்கு மிகச் சரி. ஆந்தோசயனின் நேர் எதிர். வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் அதோடு போய்விடும்.

கே: ஊட்டி கேரட்டும் டெல்லி கேரட்டும் ஒரே செடிதானா? கேரட் அல்வாவுக்கு எது? – வாசகி, சென்னை

ப: ஒரே இனம், வந்த வழி வேறு. சிவப்பு கேரட் மத்திய ஆசியாவிலிருந்து தரைவழியாக வட இந்தியாவுக்கு இறங்கியது. ஊட்டி கேரட் ஐரோப்பா போய், ஆரஞ்சாகி, ஆங்கிலேயரோடு கடல்வழியாகத் திரும்பி வந்தது. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் உதகையில் வீடு கட்டிக் குடியேறி, இங்கிலீஷ் காய்கறிகளைப் பயிரிடத் தொடங்கிவைத்தவர். இப்போது நீலகிரியில் பயிராகும் ‘நாண்டெஸ்’ வகை பிரான்சில் தேர்ந்தெடுத்தது. ‘குரோடா’ ஜப்பானில் உருவானது, அதுவும் ஆரஞ்சுதான். கோயம்பேட்டில் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்துக் கூடையில் இருக்கும் இரண்டு கேரட்டும் பல நூற்றாண்டுகளுக்கு முன் பிரிந்த கிளைகள்.

அல்வாவுக்கு டெல்லி சிவப்புதான். சாறு அதிகம், இனிப்பு அதிகம், நடுத்தண்டு மெல்லிசு. 1 கிலோ கேரட்டைத் துருவி, கனமான வாணலியில் 1 லிட்டர் முழுக்கொழுப்புப் பாலோடு நடுத்தீயில் வைத்து, பால் அனேகமாகச் சுண்டும்வரை (45 நிமிடம் முதல் 1 மணி நேரம்) கிளற வேண்டும். 200 முதல் 250 கிராம் சர்க்கரையை அதற்குப் பிறகுதான் போட வேண்டும். முன்னாலேயே போட்டால் துருவல் வேகாமல் விறைத்து, எவ்வளவு கிளறினாலும் பல்லில் நறநறக்கும். சர்க்கரை போட்டதும் நீர் விட்டுக்கொள்ளும், பயப்பட வேண்டாம். அது வற்றிய பிறகு 80 முதல் 100 கிராம் நெய் விட்டு, ஓரம் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை வதக்குங்கள். நிறம் எண்ணெயில் கரைவதால் நெய் விட்டதும் அல்வா பளிச்சென்று சிவக்கும். கேசரிப் பவுடர் தேவையே இல்லை.

ஊட்டி கேரட்டில் செய்தால் நடுவிலுள்ள வெளிர்மஞ்சள் தண்டை நீக்கிவிட்டுத் துருவுங்கள். முற்றிய கேரட்டில் நாரும் சப்பும் அந்த நடுத்தண்டில்தான்.

கே: ஊதா கேரட்டில் பொரியல் செய்தேன். தேங்காய்த் துருவல் நீலம் பாரித்துப் பார்க்கவே சகிக்கவில்லை. கெட்டுப்போன கேரட்டா? – வாசகி, மதுரை

ப: கேரட்டில் குற்றமில்லை, தண்ணீரைப் பாருங்கள். ஆந்தோசயனின் புளிப்பில் சிவக்கும், காரத்தன்மையில் (மிளகாய்க் காரம் அல்ல, சோடா உப்பின் தன்மை) நீலமாகி, இன்னும் கூடினால் பச்சையாகும். போர்வெல் தண்ணீரில் பைகார்பனேட் உப்பு அதிகம். கொதிக்கக் கொதிக்க அதன் காரத்தன்மை ஏறும். அதில் வேகவைத்தால் நீலம் பாரிக்காமல் இருக்காது. சீக்கிரம் வேகட்டும் என்று சிட்டிகை ஆப்பச்சோடா போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

வழி இதுதான். தண்ணீர் விடாமல் எண்ணெயில் மூடி வதக்குங்கள். வேண்டுமானால் கேன் தண்ணீர் இரண்டு கரண்டி தெளியுங்கள். வேகும்போதே அரை மூடி எலுமிச்சைச் சாறோ ஒரு துண்டு மாங்காயோ சேருங்கள். தேங்காயை அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள். இரும்பு வாணலி வேண்டாம், நிறம் கறுத்துவிடும். சாம்பார், கூட்டு, பால் சேர்க்கும் குருமா எதிலும் ஊதா கேரட்டைப் போடாதீர்கள். அதன் அழகு பச்சடியிலும் சாலட்டிலும்தான்: மெல்லிய வட்டமாக நறுக்கி எலுமிச்சை பிழிந்து வைத்தால் ஐந்து நிமிடத்தில் விளிம்பெல்லாம் மெஜந்தா நிறமாகிவிடும்.

கே: சாயம் பூசிய கேரட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? ஈரப் பஞ்சால் துடைத்துப் பார்க்கச் சொல்கிறார்களே? – வாசகர், சேலம்

ப: நிறத்துக்கு நிறம் சோதனை வேறு. ஆரஞ்சு, சிவப்பு கேரட்டின் நிறம் தண்ணீரில் கரையாது. ஆகவே முழு கேரட்டை மண் போகக் கழுவி, தண்ணீரில் நனைத்த பஞ்சால் அழுத்தித் துடைக்கும்போது பஞ்சு சிவந்தால் சந்தேகப்படலாம். ஊதா கேரட்டுக்கு இந்தச் சோதனை உதவாது. இயற்கை நிறமே தண்ணீரில் வரும், குறிப்பாகத் தோல் கீறியிருந்தால். அதற்கு இப்படிச் செய்யுங்கள்: ஊறிய ஊதாத் தண்ணீரை இரண்டு டம்ளரில் பிரித்து, ஒன்றில் எலுமிச்சைச் சாறு, இன்னொன்றில் ஆப்பச்சோடா போடுங்கள். முதலாவது சிவந்து, இரண்டாவது நீலப்பச்சையானால் அது கேரட்டின் சொந்த நிறம். எதற்கும் அசையாமல் ஒரே நிறத்தில் நின்றால் வாங்கிய கடையை மாற்றுங்கள்.

கே: கருப்பு கேரட்டில் ‘காஞ்சி’ என்று ஒரு பானம் செய்வார்களாமே, நம் கஞ்சிதானா? செய்முறை வேண்டும். – வாசகி, பெங்களூரு

ப: நம் கஞ்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பஞ்சாப், டெல்லி, உத்தரப் பிரதேசம் பக்கம் ஹோலிக்கு முன் வீட்டுக்கு வீடு போடும் புளித்த கடுகுத் தண்ணீர். துருக்கியின் அதனா நகரத்தில் இதற்கு ஒன்றுவிட்ட உறவாக ‘ஷல்கம்’ என்று ஒரு பானம் உண்டு. அதிலும் கருப்பு கேரட்தான் முக்கியம்.

வேண்டியவை: கருப்பு கேரட் 250 கிராம், பீட்ரூட் சின்னதாக ஒன்று, கொதித்து ஆறிய தண்ணீர் ஒன்றரை லிட்டர், கொரகொரப்பாகப் பொடித்த கடுகு 2 மேஜைக்கரண்டி, கல் உப்பு 25 கிராம், மிளகாய்த்தூள் 1 தேக்கரண்டி. கேரட்டைச் சுண்டுவிரல் நீளத்துக்கு நறுக்குங்கள், வேகவைக்கக் கூடாது. எல்லாவற்றையும் கண்ணாடி ஜாடியிலோ பீங்கான் பரணியிலோ போட்டு, வாயைத் துணியால் கட்டி வெயிலில் வையுங்கள். தினம் ஒருமுறை ஈரமில்லாத மரக்கரண்டியால் கிளறுங்கள். டெல்லிக் குளிரில் 5 நாள் ஆகும். நம் வெயிலில் இரண்டாம் நாள் மாலையே ருசி பார்த்துவிடுங்கள். மூக்கில் ஏறும் கடுகுக் காரமும் இதமான புளிப்பும் வந்ததும் வடிகட்டி ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் குடித்துவிடலாம்.

புளிக்கவைப்பது லாக்டிக் அமில பாக்டீரியா. உப்பைக் குறைத்தால் வேண்டாத கிருமி முந்திக்கொள்ளும். அளவுக்கு மீறிக் கூட்டினால் புளிப்பே ஏறாது. நேராகக் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் குளோரின் தடுக்கும், அதனால்தான் கொதிக்கவைத்து ஆற்றுவது. கேரட் துண்டு மிதந்து மேலே காய்ந்தால் பூஞ்சை பிடிக்கும். மேலே மெல்லிய வெள்ளை ஆடை மட்டும் என்றால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடிக்கலாம். பஞ்சு பஞ்சாகப் பச்சை, கருப்புப் பூஞ்சை என்றால் மொத்தமும் கொட்டுங்கள். போடும்போது மங்கிய ஊதாவாக இருந்த தண்ணீர் நாளுக்கு நாள் ரத்தச் சிவப்பாவதுதான் புளிப்பு ஏறுவதற்கான அடையாளம். பீட்ரூட்டின் சிவப்பு வேறு நிறமி. அது இப்படி மாறாது. பீட்ரூட் மட்டும் போட்டுச் செய்தால் நாக்கைத்தான் நம்ப வேண்டும்.

கே: மொட்டைமாடியில் கேரட் போட்டேன். கால் கையெல்லாம் முளைத்து, வெளுத்து, கட்டை விரல் அளவில் நிற்கிறது. எங்கே தவறு? – வாசகர், தஞ்சாவூர்

ப: மூன்று புகாருக்கும் மூன்று காரணம்.

வேர் பிளப்பது முனை பழுதானதால். முளைத்த சில நாளிலேயே ஆணிவேர் நேராகக் கீழே ஓடும். அப்போது கல்லிலோ கட்டியிலோ மட்காத எருவிலோ முட்டினால் கிளைக்கும். நாற்று விட்டுப் பிடுங்கி நட்டாலும் இதே கதி. கேரட்டை நேரடியாகத்தான் விதைக்க வேண்டும். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அந்த மண்ணை மாற்றி, அதில் ஒரு பருவம் செண்டுமல்லி போடுங்கள்.

வெளுப்புக்குக் காரணம் வெயில், அல்லது உங்கள் அவசரம். வேரில் கரோட்டின் நன்றாகச் சேருவது மண் 15 முதல் 20 டிகிரி வெப்பத்தில் இருக்கும்போது. 30-ஐத் தாண்டினால் வேர் குட்டையாகி நிறம் மங்கும், ருசியும் காரலாகும். அதோடு, கேரட் முதலில் வெளிராகத்தான் இருக்கும். நிறம் ஏறுவது கடைசி ஒரு மாதத்தில்தான். 60 நாளில் ஆசைப்பட்டுப் பிடுங்கினால் வெளிர்மஞ்சள்தான் கிடைக்கும்.

வேர் பருக்காமல் இலை மட்டும் தழைத்தால் தழைச்சத்து அதிகம், அல்லது நெருக்கம். நெருக்கமான செடிகளைக் கலைத்து விடவில்லை என்றால் எந்த உரமும் காப்பாற்றாது.

சமவெளியில் செய்யவேண்டிய முறை: விதைப்பு ஐப்பசி, கார்த்திகையில், தொடர்மழை விட்டதும். பை ஓரடி ஆழமாவது வேண்டும். சலித்த செம்மண் 2 பங்கு, ஆற்று மணல் 1 பங்கு, நன்றாக மட்கிய மண்புழு உரம் 1 பங்கு. பைக்கு ஒரு பிடி மரச்சாம்பல். ஒரு கிராமில் ஏறக்குறைய 800 விதை இருக்கும், கையால் தூவினால் குவியும். ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு மணல் கலந்து, 1 சென்டிமீட்டர் ஆழக் கோட்டில் தூவி மூடுங்கள். மேலே ஈரச்சாக்கு. முளைக்க 8 முதல் 15 நாள் ஆகும். இதற்குள் மேல்மண் ஒருமுறை காய்ந்து ஏடு கட்டினாலும் முளை வெளியே வராது. ‘விதை சரியில்லை’ என்று பலர் சொல்வதன் பின்னணி இதுதான். 6-ஆம் நாளிலிருந்து சாக்கைத் தூக்கிப் பாருங்கள், பச்சை தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள். 20-ஆம் நாள் செடிக்குச் செடி 5 சென்டிமீட்டர் விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். இழுத்தால் பக்கத்து வேரும் ஆடும். மாதம் ஒன்றானதும் 8 சென்டிமீட்டர். தண்ணீர் ஒரே சீராக வேண்டும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் நிறைய ஊற்றினால் வேர் நெடுக வெடிக்கும். 90 முதல் 100 நாளில் அறுவடை.

ரகத்தில் நாண்டெஸுக்கு ஆசைப்படாமல், டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் சிவப்பு ரகமான பூசா ருதிரா, வெயில் தாங்கும் பூசா விருஷ்டி, அல்லது குரோடா வகை போடுங்கள். கருப்பு வேண்டுமானால் அதே நிறுவனத்தின் பூசா அசிதா.

கே: விதையை நானே எடுக்கலாமா? – அதே வாசகர்

ப: சிவப்பு, கருப்பு ஆசிய வகைகளில் எடுக்கலாம், அவற்றுக்குப் பூக்கக் கடுங்குளிர் தேவையில்லை. ஆரஞ்சு ஐரோப்பிய வகைகள் பல வாரம் 10 டிகிரிக்குக் கீழ் குளிர்ந்தால்தான் பூவெடுக்கும். அதனால்தான் அவற்றின் விதை இமாச்சலத்தின் குலு பள்ளத்தாக்கு மாதிரி இடங்களிலிருந்து வருகிறது. பூச்சி மூலம் எளிதில் கலப்பாகிற பயிர். பக்கத்தில் வேறு நிறம் பூத்திருந்தால் அடுத்த தலைமுறையில் நிறம் தாறுமாறாகும். ஹைப்ரிட் கேரட்டிலிருந்து விதை எடுப்பது வீண் வேலை.

கே: எங்கள் தோட்டத்துக் கரட்டின் மேற்பக்கம் பச்சையாகிறது. உருளைக்கிழங்கு பச்சையானால் விஷம் என்பார்கள். இதுவும் அப்படியா? – வாசகர், நுவரெலியா

ப: இல்லை. உருளைக்கிழங்கில் பச்சையோடு சேர்ந்து சொலனின் என்ற நஞ்சு உருவாகும். கரட்டில் அது கிடையாது. மழையில் மண் கரைந்து வேரின் தோள் வெளியே தெரிந்தால் வெயில் பட்டுப் பச்சையம் உண்டாகிறது, அவ்வளவுதான். சாப்பிடலாம், சற்றே கசக்கும். அந்த வளையத்தை மட்டும் சீவிவிடுங்கள். விதைத்த 40-ஆம் நாளிலும் 60-ஆம் நாளிலும் மண் அணைத்தால் வராது.

கே: கேரட் தின்றால் கண்ணாடி போட வேண்டாம் என்கிறார்களே? – வாசகி, விருதுநகர்

ப: கிட்டப்பார்வை, தூரப்பார்வைக்கும் கேரட்டுக்கும் தொடர்பில்லை. வைட்டமின் ஏ குறைந்து வரும் மாலைக்கண்ணுக்கு அது உதவும். குறைபாடு இல்லாதவருக்கு மூட்டையாகத் தின்றாலும் பார்வை கூடாது. இந்த நம்பிக்கையை உலகமெங்கும் பரப்பியது இரண்டாம் உலகப்போர் காலத்து பிரிட்டன். 1940-இல் இருட்டில் ஜெர்மன் விமானங்களைச் சுட்டு வீழ்த்திய ஜான் கன்னிங்ஹாம் போன்ற விமானிகள் கேரட் நிறையச் சாப்பிடுகிறார்கள் என்று செய்தி விட்டார்கள். விமானத்தில் ரேடார் பொருத்தியிருந்தது அப்போது ரகசியம். ஜெர்மானியர் நம்பினார்களோ இல்லையோ, பிரிட்டிஷ் ஜனங்கள் நம்பினார்கள். உணவு அமைச்சகத்துக்கும் அது வசதியாகப் போயிற்று. சர்க்கரை ரேஷன், கேரட்டோ கொல்லையில் எக்கச்சக்கம். ‘டாக்டர் கேரட்’ என்று கார்ட்டூன் போட்டே விளம்பரம் செய்தார்கள்.

கே: ஒரு வயதுக் குழந்தைக்குத் தினமும் கேரட் மசியல் தருகிறேன். உள்ளங்கை மஞ்சளாக இருக்கிறது. மஞ்சள் காமாலையா? – வாசகி, திருநெல்வேலி

ப: கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். அது வெண்மையாக இருந்து, உள்ளங்கை, பாதம், மூக்கு நுனி மட்டும் மஞ்சளாக இருந்தால் தோலில் கரோட்டின் படிந்திருக்கிறது, கெடுதல் இல்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று நாளாகக் குறையுங்கள், சில வாரங்களில் போய்விடும். கண்ணும் மஞ்சளித்தாலோ, சிறுநீர் அடர்ந்த நிறமாகப் போனாலோ, மலம் வெளுத்தாலோ அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

கே: ஃபிரிட்ஜில் வைத்த கேரட் கசக்கிறது. சிலது மேலே வெள்ளை பூத்துவிடுகிறது. – வாசகி, புதுச்சேரி

ப: கசப்புக்குக் காரணம் பக்கத்தில் இருக்கும் ஆப்பிளோ பழுத்த வாழையோ. அவை விடும் எத்திலீன் வாயு பட்டால் கேரட் கசப்பான ஒரு பொருளைச் சுரக்கும். வேகவைத்தாலும் அந்தக் கசப்பு முழுதாகப் போகாது. பழத்தட்டு வேறு, காய்த்தட்டு வேறு என்று வையுங்கள். வெள்ளைப் பூப்பு பூஞ்சையல்ல, தோல் உலர்ந்ததன் அடையாளம். இயந்திரத்தில் கழுவித் தோல் உரசிய ஊட்டி கேரட்டில் இது சீக்கிரம் வரும். முடிந்தால் மண்ணோடு வாங்குங்கள்.

தழையோடு வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் திருகி எடுத்துவிட வேண்டும், வேரின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கழுவாமல், ஈரம் பிழிந்த பருத்தித் துணியில் சுற்றி, துளையிட்ட கவரில் கீழ்த்தட்டில் வைத்தால் மூன்று வாரம் தாங்கும். துவண்டுபோனதை ஐஸ் தண்ணீரில் அரை மணி நேரம் போடுங்கள், நிமிர்ந்துவிடும். அழுத்தினால் வழுவழுப்பாக இருந்தால் அது அழுகல், தூக்கிப் போட வேண்டியதுதான்.

கே: பேபி கேரட் பிஞ்சுக் கேரட்தானே? – வாசகர், கரூர்

ப: பாக்கெட்டில் ஒரே அளவில், முனை மழுங்கி, தோலில்லாமல் வருவது பிஞ்சல்ல. வளைந்து நெளிந்து விலைபோகாத பெரிய கேரட்டை இரண்டு அங்குலத் துண்டாக்கி இயந்திரத்தில் சீவியது. 1986-இல் கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் மைக் யூரோசெக் என்ற விவசாயி, கழித்துக் கட்டும் கேரட்டைக் காசாக்க ஆரம்பித்த வழி. தோல் இல்லாததால் சீக்கிரம் வெள்ளை பூக்கும். பிரித்த பாக்கெட்டை நான்கைந்து நாளில் முடித்துவிடுங்கள்.